குலவைச் சத்தமும் கோலப் புள்ளியும்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வந்திருப்பவர்களில் பலர் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய கேசட். ஒருவர் ஸ்பூல் டேப்பே கொண்டுவந்திருக்கிறார். அப்பாவின் மேடைப் பேச்சு, அக்காவின் அரங்கேற்றம், கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், பாட்டியின் தாலாட்டு. கணினியில் ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏற்றிய பிறகு எந்த வடிவத்தில் வைப்பது என்ற கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. நானும் ஒரு முறை கேட்காமல் விட்டேன்.

1980-களின் தொடக்கத்தில் என் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். ஊரே வந்து பார்த்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நடவு நடந்துகொண்டிருந்தது. அம்மாயி அடி எடுத்துக் கொடுக்க, பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்ததும் குலவை போட்டார்கள். வரப்பில் உட்கார்ந்தபடி மாமா எல்லாவற்றையும் பதிவு செய்தார்.

2004-இல் அந்தக் கேசட்டை, குறுந்தகடாக்கித் தரும் கடை ஒன்றில் கொடுத்தேன். ஒரே தட்டில் நிறைய அடங்க வேண்டும் என்று கேட்டவன் நான்தான். கடைக்காரர் எம்பி3 ஆக்கி, நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சுருக்கிக் கொடுத்தார். வீட்டில் போட்டுக் கேட்டோம். அம்மா அழுதாள். எங்களுக்குக் குறையாக எதுவும் தெரியவில்லை. அந்த வருஷ அடைமழையில் கேசட் பூஞ்சை பிடித்து நாடாவெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதுதான் தட்டில் இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிட்டோம்.

பல வருஷம் கழித்து, ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றுவதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட பிறகு, நல்ல ஒலிபெருக்கியில் அதைப் போட்டேன். அம்மாயியின் குரல் இருந்தது. குலவை இல்லை. குலவை இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீருக்கு அடியில் யாரோ வாய் கொப்பளிப்பது போல ஒரு கலங்கல். பன்னிரண்டு நாக்குகள் ஒரே நேரத்தில் படபடவென்று அடிக்கும் ஒலி அது. ஒவ்வொரு குரலும் உச்சத்தில் இருக்கும்; ஒன்றுக்கொன்று துளியும் ஒத்துப்போகாது. அவ்வளவு செறிவான ஒலிக்கு 64 கிலோபிட்டில் இடம் இல்லை. இடம் இல்லாததை அந்த முறை வெட்டி எறிந்துவிட்டது. எறிந்ததைத் திரும்பப் பெற உலகத்தில் எந்த மென்பொருளும் கிடையாது.

அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதை நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து எண்ணாக எழுதிக்கொள்வதுதான் கணினியின் பதிவு. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் அது எந்தப் படி என்று ஓர் எண். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஒரு நிமிடத்துக்குப் பத்தரை எம்பி. காப்பகங்களின் எதிர்பார்ப்பு இதைவிடக் கூடுதல். ஒலி, ஒலி-ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, தன் வழிகாட்டி நூலில் பழைய ஒலிப்பதிவுகளுக்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேண்டும் என்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் இன்னும் நல்லது. 96-க்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். விடிய விடிய நடக்கும் கூத்து ஒன்றை எட்டு மணி நேரம் பதிவு செய்தால் 16 ஜிபியைத் தாண்டிவிடும். வீட்டில் இருபது கேசட் வைத்திருப்பவருக்கு இது சமாளிக்கக்கூடியது. இருபதாயிரம் நாடா வைத்திருக்கும் காப்பகத்துக்கு இது பணம், மின்சாரம், ஆள், இடம். ஆகவே சுருக்கத்தான் வேண்டும். எப்படிச் சுருக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுருக்குவதில் இரண்டு சாதி உண்டு. இரண்டையும் நம் வீட்டு வாசலிலும் நம் ஏட்டுச் சுவடியிலும் பார்க்கலாம்.

மார்கழி பிறந்தால் பெண்கள் பத்திரிகைகள் கோலங்களை அச்சடிக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு வரி இருக்கும்: 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. கோலம் போடத் தெரிந்தவருக்கு அந்த வரி போதும். நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் ஒவ்வொரு வரிசையாக ஒவ்வொரு புள்ளி குறைந்து, 8-இல் நிற்கும். மொத்தம் 169 புள்ளிகள். 169 புள்ளிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று தனித்தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லை. ஒரே வரியில் சொல்லியாகிவிட்டது. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. கோயம்புத்தூரில் படித்தாலும் யாழ்ப்பாணத்தில் படித்தாலும் அதே 169. ஒழுங்கு இருக்கும் இடத்தில் அந்த ஒழுங்கை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். விட்டதெல்லாம் விதியிலிருந்து அப்படியே திரும்பி வரும். இதுதான் இழப்பில்லாச் சுருக்கம்.

இன்னொன்று ஓலைச்சுவடி. ஏடு எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டாமலும் எழுதினார்கள். படிக்கிறவர் தமிழ் தெரிந்தவர், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்பது அவர்கள் நம்பிக்கை. பெரும்பாலான இடங்களில் அந்த நம்பிக்கை பலித்தது. பலிக்காத இடங்களில் பாடபேதம் பிறந்தது. ஒருவர் ஒரு விதமாகப் படித்துப் பெயர்த்தெழுதுவார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். பிழை மேல் பிழை ஏறும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, ஒரே நூலுக்குப் பல பிரதிகளைச் சேர்த்து, வரி வரியாக ஒப்பிட்டு உழைத்தது இந்தச் சிக்கலோடுதான். அவருக்காவது ஒப்பிட வேறு பிரதிகள் கிடைத்தன.

எம்பி3 இந்த இரண்டாம் சாதி. அது கேட்கிறவர் காதை நம்பிச் சுருக்குகிறது. உரத்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலி காதில் விழாது, மிக உயர்ந்த அதிர்வெண் பலருக்குக் கேட்காது என்று கணக்கிட்டு, அவற்றை நீக்கிவிடுகிறது. இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கனில் இருக்கும் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோடு இருந்தவர்களும் மனிதக் காதை அவ்வளவு நுட்பமாகப் படித்தவர்கள். சுசேன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு முறையைச் சீராக்கினார்கள். துணைக்கு வாத்தியம் இல்லாத தனிக்குரல் என்பதால் சின்னக் குறைகூட அதில் பளிச்சென்று தெரியும். நொடிக்கு 1,411 கிலோபிட்டை 128 ஆக்கியும் பாட்டு பாட்டாகவே கேட்கிறது என்றால் அது பெரிய காரியம். பேருந்தில் பாட்டுக் கேட்க எம்பி3 போதும். தங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பவும் போதும்.

மூலத்துக்கு மட்டும் அது ஆகாது. எம்பி3-ஐத் திறந்து, முன்னும் பின்னும் வெட்டி, மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால் மறுபடி ஒரு வெட்டு விழுகிறது. ஏடு பெயர்த்தெழுதும் கதைதான். அதோடு, எம்பி3 வெட்டுவதெல்லாம் இன்றைய காதுக்குத் தேவையில்லாதவை. நாளைய ஆராய்ச்சிக்கு எது தேவைப்படும் என்று அதற்குத் தெரியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். டேப்பில் பதிவு செய்யும்போது, ஒலி சிதையாமல் பதிய வேண்டும் என்பதற்காகக் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண் ஒன்றைக் கருவி கூடவே செலுத்தும். பயாஸ் என்பார்கள். அதன் தடம் நாடாவில் தங்கிவிடும். அதை யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் பிளான்ஜென்ட் பிராசஸஸ் என்பவர்கள் தனி வகைக் கருவியால் அந்தத் தடத்தைப் படித்து, நாடா எங்கெங்கே வேகம் தவறி ஓடியது என்று கண்டுபிடித்து, பாட்டின் சுருதி ஆட்டத்தை நேர்செய்கிறார்கள். யார் காதிலும் விழாத ஒன்று, பிற்காலத்தில் பாட்டைத் திருத்தும் அளவுகோலாகிவிட்டது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் வீட்டில் 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினாலும் அந்த பயாஸ் தடம் நமக்குக் கிடைக்காது. அது பெரும்பாலும் அந்தப் பதிவுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கணினியில் ஏற்றுவதே ஒரு தேர்வுதான். ஏற்றிய பிறகு ஒரு துளியும் குறையாது என்பது மட்டுமே இழப்பில்லாச் சுருக்கம் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சற்று முன் அது எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்த குழந்தை, அடுத்து அது எங்கே வரும் என்று சரியாகக் கை நீட்டும். ஒலியும் ஓர் ஆட்டம்தான். நொடிக்கு 44,100 முறை அளக்கும்போது அடுத்தடுத்த அளவுகள் ஒன்றையொன்று ஒட்டியே நகரும். ஒரு பதிவில் வரிசையாக இந்த எண்கள் வருகின்றன என்று வையுங்கள்: 100, 130, 158, 184, 207, 227. இப்போது ஒரு விதி. கடைசி எண்ணை இரண்டால் பெருக்கி, அதற்கு முந்தைய எண்ணைக் கழி. அதுதான் அடுத்த எண் என்று ஊகி. 130-இன் இரு மடங்கு 260, அதில் 100 போனால் 160. உண்மையில் வந்தது 158. ஊகம் 2 கூடிவிட்டது, மீதி −2. அடுத்து 316-இல் 130 போனால் 186. வந்தது 184, மீதி −2. அடுத்த ஊகம் 210, வந்தது 207, மீதி −3. அதற்கடுத்து 230, வந்தது 227, மறுபடி −3.

ஆக, முதல் இரண்டு எண்களையும் விதியையும் எழுதிவிட்டால், பிறகு −2, −2, −3, −3 என்று மீதிகளை மட்டும் எழுதினால் போதும். திறக்கும் கணினி அதே விதியால் ஊகித்து, மீதியைச் சேர்த்துக்கொள்ளும். 160-உம் −2-உம் சேர்ந்தால் 158. கூடக் குறைய எதுவும் வராது. ஊகம் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு தவறியது என்று எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஊகம் நெருங்கினால் மீதி சிறியது, கோப்பும் சிறியது. ஊகம் தவறினால் மீதி பெரியது, கோப்பும் பெரியது. இரண்டிலும் ஒலி மாறாது.

இப்படி இழப்பில்லாமல் சுருக்கும் வடிவங்களில் ஒன்றான ஃபிளாக், பெரும்பாலும் 4,096 அளவுகளை ஒரு கட்டாக எடுத்துக்கொள்கிறது. அது நொடியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரம். ஒவ்வொரு கட்டுக்கும் எந்த ஊக விதி பொருந்தும் என்று அது தனியாகத் தேடுகிறது. வீணை ஒலிக்கும் கட்டுக்கு ஒரு விதி, தவில் அடிக்கும் கட்டுக்கு வேறு விதி. முந்தைய 32 எண்கள் வரை பார்த்து ஊகிக்கவும் அதில் வழி உண்டு. முழு அமைதியாக இருந்தால் ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடும். எந்த விதியும் ஒத்துவராவிட்டால் எண்களை உள்ளபடியே வைத்துவிடும். இந்த ஊக முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அங்கேயே பாடம் நடத்திவிட்டு, பிறகு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போன பிஷ்ணு அடல். தொலைபேசியில் மனிதப் பேச்சைக் குறைந்த இடத்தில் அனுப்ப, 1960-களின் பிற்பகுதியில் அவர் செய்த வேலை அது. அதே காலத்தில் ஜப்பானில் ஃபுமிடாடா இடாகுராவும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தார்.

சரி, மீதி சிறிய எண்தான். ஆனால் −2-ஐயும் 16 பிட் இடத்தில் எழுதினால் என்ன லாபம்? இங்கே களத்துமேட்டுக்குப் போக வேண்டும். நெல் அளக்கும்போது மரக்கால் மரக்காலாக அள்ளிப் போடுவார்கள். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்பார்கள். பிறகு ரெண்டு, மூணு என்று போகும். மரக்கால் நிறையாத மிச்சத்தைப் படியால் அளப்பார்கள். எத்தனை மரக்கால் என்பதற்குச் சுவரில் அத்தனை கோடு. மிச்சப் படிக்கு ஓர் எண். குவியல் சிறியதாக இருந்தால் கோடே இல்லை, படி எண் மட்டும்தான். அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் ராபர்ட் ரைஸ், விண்கலங்கள் அனுப்பும் படங்களைச் சுருக்க 1970-களில் வகுத்த முறை இதுதான். அவர் பெயரும் அரிசிதான் என்பது தற்செயல். அதற்கு முன் 1966-இல் சாலமன் கோலம்ப் இதன் பொது வடிவத்தைச் சொல்லியிருந்தார். மரக்காலின் கொள்ளளவு நான்கு படி என்று வைத்து, நாம் பார்த்த −2, −2, −3, −3 என்ற நான்கு மீதிகளைக் கழித்தல் குறியையும் உள்ளடக்கி ரைஸ் முறையில் எழுதினால் 3, 3, 4, 4 என்று மொத்தம் 14 பிட். பழையபடி எழுதினால் 64. எந்தக் கட்டுக்கு எந்த அளவு மரக்கால் பொருந்தும் என்பதையும் ஃபிளாக் பார்த்துப் பார்த்து மாற்றுகிறது.

இடம், வலம் என்ற இரண்டு வரிசைகள் இருக்கின்றன அல்லவா? பழைய நாடாக்களில் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே ஒலிதான். ஆகவே இரண்டையும் தனித்தனியாக எழுதாமல், கூட்டி இரண்டால் வகுத்த எண் ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று என்று எழுதலாம். வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இதில் ஓர் அழகு உண்டு. இடம் 7, வலம் 4 என்று வையுங்கள். கூட்டினால் 11, பாதி ஐந்தரை. அரையை விட்டுவிட்டு 5 என்று எழுதுகிறோம். அப்படியானால் அரை போயிற்றே, இழப்பில்லை என்று எப்படிச் சொல்வது? வித்தியாசத்தைப் பாருங்கள்: 3. ஒற்றைப்படை. எந்த இரண்டு முழு எண்ணை எடுத்தாலும், கூட்டல் ஒற்றைப்படை என்றால் கழித்தலும் ஒற்றைப்படை. ஒன்று இரட்டைப்படை என்றால் மற்றதும் இரட்டைப்படை. ஆகவே வித்தியாசம் 3 என்று பார்த்ததும், கூட்டல் 10 அல்ல 11 என்று தெரிந்துவிடுகிறது. விட்ட அரை வேறொரு இடத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. முதல் முறை இதைப் படித்தபோது கணக்கு நோட்டை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்படியே சுருக்கிக்கொண்டே போக முடியாதா என்று ஒரு தம்பி போன கூட்டத்தில் கேட்டார். முடியாது. மூன்று பிட் கொண்டு எழுதக்கூடிய கோப்புகள் எட்டு. அதைவிடக் குட்டையானவை இரண்டு பிட்டில் நான்கு, ஒரு பிட்டில் இரண்டு, வெற்றுக் கோப்பு ஒன்று, ஆக ஏழு. எட்டுப் பேருக்கு ஏழு நாற்காலி. எந்தக் கோப்பையும் சுருக்கித் தருவேன் என்று யாராவது மென்பொருள் விற்க வந்தால் வாங்காதீர்கள். ஒழுங்கு இருக்கும் அளவுக்குத்தான் சுருக்கம். 1948-இல் கிளாட் ஷானன் அந்த எல்லையைக் கணிதமாக எழுதிவிட்டார். இசைக்கு ஒழுங்கு உண்டு. நாடாவின் இரைச்சலுக்குக் கிடையாது. அடுத்த எண் என்ன என்று அதில் ஊகிக்கவே முடியாது. அதனால்தான் சாதாரணக் குறுந்தகட்டுப் பாட்டு ஃபிளாக்கில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் அடங்குகிறது. இரைச்சல் மிகுந்த கேசட்டை 24 பிட்டில் ஏற்றினால் அவ்வளவு குறைவதில்லை. குறையவில்லையே என்று வருந்த வேண்டாம். அது உங்கள் நாடாவில் இருப்பதை உள்ளபடி சொல்கிறது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டோனி ராபின்சன், பேச்சுத் தரவுகளைச் சிக்கனமாகச் சேமிக்க 1990-களின் முற்பகுதியில் ‘ஷார்ட்டன்’ என்ற மென்பொருளை எழுதினார். ஊகம், மீதி, ரைஸ் முறை மூன்றும் அதிலேயே இருந்தன. அதைப் பரப்பியவர்கள் அமெரிக்க ராக் இசை ரசிகர்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற குழு, தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்துகொள்வதை அனுமதித்தது. 1984-இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அந்த நாடாக்கள் கைமாறிக் கைமாறி, பிரதியின் பிரதியின் பிரதியாகும். ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் ஏறும். கையில் இருப்பது எத்தனையாவது தலைமுறை என்பதைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். கணினி வந்ததும், இனி பிரதிக்கும் மூலத்துக்கும் வேறுபாடே இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, ஷார்ட்டனை எடுத்துக்கொண்டார்கள். 1998-இல் தொடங்கிய ஈட்ரீ என்ற அவர்கள் கூட்டமைப்பு எம்பி3-ஐ உள்ளே விடவில்லை. 2002-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் அவர்களோடு சேர்ந்து நேரடி இசைக்கென ஒரு காப்பகம் திறந்தது. ரசிகர்கள் மூலத்தின் மீது வைத்த இந்த மரியாதையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஃபிளாக்கை எழுதத் தொடங்கியவர் ஜாஷ் கோல்சன். 2000-இல் தொடங்கி 2001 ஜூலையில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் படித்துப் பார்க்கலாம். 2003-இல் சைஃப் அறக்கட்டளையின் குடைக்குள் வந்தது. மங்கீஸ் ஆடியோ, வேவ்பேக், 2004-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏலாக் என்று உடன்பிறப்புகள் பல உண்டு. சில இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுருக்கும். நான் ஃபிளாக்கையே சொல்வதற்குக் காரணம், 2024 டிசம்பரில் அதன் முழு இலக்கணமும் ஆர்எஃப்சி 9639 என்ற பொது ஆவணமாக வெளியாகிவிட்டதுதான். நாளைக்கு எல்லா மென்பொருளும் அழிந்துபோனாலும், அந்த ஆவணத்தைப் படித்து ஒரு கல்லூரி மாணவர் திறப்பானை மறுபடி எழுதிவிடலாம்.

காப்பகத்தார் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. சுருக்கவே வேண்டாம், வேவ் கோப்பாகவே வையுங்கள் என்பார்கள். ஐயாசாவின் பரிந்துரையும் அதுதான். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வட்டில் ஒரு பிட் கெட்டுப்போனால், வேவ் கோப்பில் ஒரு ‘டிக்’ சத்தத்தோடு போய்விடும். ஃபிளாக்கில் அந்தக் கட்டு முழுவதும், பத்தில் ஒரு நொடி, போய்விடலாம். ஆனால் வேவ் கோப்பில் அந்த ‘டிக்’ நாடாவில் இருந்ததா, வட்டு கெட்டதால் வந்ததா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஃபிளாக் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. முழு ஒலிக்கும் சேர்த்து எம்டி5 என்ற கைரேகையைக் கோப்பின் தலையில் எழுதி வைக்கிறது. ஒரே கட்டளையில் சோதித்துப் பார்த்து, நேற்று வைத்தது இன்றும் அப்படியே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். கெட்டுப்போனதை மறைக்காத காவல்காரனைத்தான் நான் வைத்துக்கொள்வேன். மிச்சமாகும் இடத்தில் இரண்டாவது பிரதி ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். கெட்ட கட்டை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அது இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். விடிய விடிய நடக்கும் கர்ணமோட்சக் கூத்து பாதியில் அறுந்துவிடும்.

தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒலிபரப்புத் துறையினர் பயன்படுத்தும் வேவ் வகையில், கோப்புக்குள் விவரம் எழுதும் தலைப்புப் பகுதி ஆங்கில எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டது. பாடியவர் பெயரைத் தமிழில் எழுத அங்கே இடமில்லை. ஃபிளாக்கின் விவரப் பகுதி யூனிகோடு. ஊர், பாடியவர், பாட்டின் முதல் அடி, எந்த வயல், எந்தப் பட்டம் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். ழகரம் இருக்கும் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தால், ஐம்பது வருஷம் கழித்துப் படிக்கிறவர் எந்த ஊர் என்று தேடி அலைவார். ஓலையில் புள்ளி விடுபட்ட கதைதான் அதுவும்.

ஓர் எச்சரிக்கை. கையில் இருக்கும் எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடிவிடும் என்று நினைக்காதீர்கள். அது அந்தச் சேதத்தைத் துளியும் குறையாமல் பாதுகாக்கும், அவ்வளவுதான். எம்பி3 மட்டுமே இருந்தால் எம்பி3 ஆகவே வையுங்கள். ‘மூலம் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதிச் சேருங்கள். பின்னால் வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

போன தையில் பெரியம்மா வீட்டைக் காலி செய்தபோது, பீரோவின் அடித்தட்டில் ஒரு கேசட் கிடைத்தது. மாமாவின் கையெழுத்தில் ‘நடவு 2’ என்று எழுதியிருந்தது. அவர் அன்றைக்கு இரண்டு கேசட் எடுத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. அறுபது நிமிட நாடா. கருவியின் ஹெட்டைத் துடைத்து, நாடாவை ஒரு முறை முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிவிட்டு, 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்றினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் வந்தது. ஃபிளாக்கில் 640 எம்பி. திறந்து, மூலத்தோடு பிட் பிட்டாக ஒப்பிட்டேன். வேறுபாடு பூஜ்யம். ஒரு பிரதி என்னிடம், ஒன்று தங்கை வீட்டில், ஒன்று இங்கே இந்த நூலகத்தில். விவரப் பகுதியில் அம்மாயியின் பெயரையும், அம்மாவுக்கு நினைவிருந்த ஏழு பெண்களின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

இப்போது இரண்டையும் போடுகிறேன். முதலில், 2004-இல் நான் வாங்கிய எம்பி3-இன் கடைசி நிமிடம். பிறகு இந்த ஃபிளாக், ஏ பக்கத்தின் கடைசி நான்கு நிமிடம். பாட்டு முடியும், குலவை வரும், பிறகு யாரோ சிரிப்பார்கள், தண்ணீருக்குள் கால் நடக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகும் நிறுத்த மாட்டேன். மாமா பொத்தானை அழுத்தும் ‘டக்’ சத்தம் வரை ஓடும்.